உளுந்து எடுத்த பிறகு, மேட்டூர் திறக்கும் முன்: வெளிநாடு போவதென்றால் எங்கே, எந்த வாரம்?

மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம், வீட்டில் நான்கு பேர். சம்பா அறுவடையும் உளுந்தும் முடிந்த பிறகு, மேட்டூர் திறப்பதற்குள் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு சுவிட்சர்லாந்தில் பனி பார்க்க ஆசை. 68 வயது அம்மா நேபாளத்து முக்திநாத் கோயிலை விட்டால் வேறு பேச்சே பேசுவதில்லை. மனைவியின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார். இத்தனையும் எழுதிவிட்டு, "எந்த நாட்டுக்கு எந்த மாதம் சீசன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பது சுலபம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. சுவிட்சர்லாந்துக்கு செப்டம்பர் அருமையான மாதம் என்று நான் சொன்னால், குறுவை அறுவடையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவீர்கள்? உங்கள் கையில் இருக்கும் சில வாரங்களில் எந்த ஊர் நன்றாக இருக்கும், போட்ட பணம் மழையிலும் மேகத்திலும் வீணாகாமல் இருக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் படித்தது புவியியல், பிழைப்பு பயண ஏற்பாடு. கும்பகோணத்தில் உட்கார்ந்து டெல்டாக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் போட்டுக்கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன்.

முதலில் உங்கள் இடைவெளியைச் சரியாக அளந்துகொள்வோம். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி வரை வயலில் நிற்கும். மகனுக்குத் தேர்வு முடிவதும் ஏப்ரலில்தான். அதனால் சித்திரை பிறந்தபிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். திரும்பி வரவேண்டிய நாளை மேட்டூரை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். போர்செட் வைத்திருந்து முன்பட்டக் குறுவைக்கு நாற்று விடுகிறவர் என்றால் மே நடுவிலேயே நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர் என்றால் மே கடைசி வரை நேரம் உண்டு. இது உங்களுக்குத்தான் தெரியும். ஏப்ரல் 18 முதல் மே 25 வரை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அடுத்து, வானிலையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். பயண நூல்களில் "இந்த மாதம் வறண்டிருக்கும், இந்த மாதம் மழை" என்று போட்டிருப்பதும் அந்த ஜூன் 12 மாதிரிதான். வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கை எடுத்து சராசரி போடுகிறார்கள். சராசரி பொய்யில்லை, ஆனால் நீங்கள் போகிற அந்த ஒரு வாரத்தைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். பாலைவன ஊரின் விமான நிலையத்தில் ஓடுபாதை குளமாகி, விமானங்கள் தண்ணீரில் நின்றன. ஏப்ரலில் துபாய் வறண்டிருக்கும் என்று அதற்கு முந்தைய நாள் யாராவது சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரிதான்.

இதற்கு நடுவே அசையாத விஷயங்கள் சில உண்டு, திட்டத்தை அவற்றின் மேல்தான் கட்ட வேண்டும். பகல் எவ்வளவு நீளம் என்பது மாறாது. மே மாதம் நடுவில் சுவிட்சர்லாந்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஒரே செலவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பகல் கிடைக்கிறது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. உயரத்தின் கணக்கும் மாறாது: 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். பருவக்காற்று எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதும் பெரும்பாலும் மாறாது, தொடங்கும் வாரம்தான் முன்னே பின்னே போகும். ஒரு குறிப்பிட்ட நாளில் மலை தெரியுமா, மேகம் மூடுமா என்பதோ கிளம்பும் நாள் வரை யாருக்கும் தெரியாது. பத்து நாளுக்கு மேற்பட்ட தினசரி முன்னறிவிப்பை வைத்து டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொன்று, சீசன் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. கரைக்குக் கரை, மலைக்கு மலை மாறுகிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கையையே பாருங்கள். கொழும்பு, காலி பக்கம் தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை நிற்கும். அதே நேரத்தில் திருகோணமலையில் கடல் அமைதியாகி வெயில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலை 2023 அக்டோபரில் தொடங்கிவைத்து, பருவமழை என்று சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். அக்டோபரில் நாகை கடல் எப்படி இருக்கும் என்று அக்கரைப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். மலேசியாவிலும் இதே கதைதான். கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல விடுதிகளை மூடியே வைப்பார்கள், அந்த நேரத்தில் மேற்கே லங்காவி ஜேஜே என்று இருக்கும்.

மழையின் அளவை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம், எந்த நேரத்தில் எப்படிப் பெய்கிறது என்று பார்க்க வேண்டும். லண்டனில் ஒரு வருடத்துக்கு சுமார் 600 மில்லிமீட்டர், நாகப்பட்டினத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் நமக்குப் பெரும்பகுதி மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது, அங்கே வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு ஒரு மணி, இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டு விட்டுவிடும். காலையில் வெளியிடங்கள், மத்தியானம் உள்ளே இருக்கும் இடங்கள் என்று வைத்துக்கொண்டால் அந்த மழை ஒரு தொந்தரவே இல்லை. டிசம்பர், ஜனவரியில் அங்கே நாள் கணக்கில் விடாமல் பெய்யும், அதுதான் தொந்தரவு. வெப்பம் எல்லா மாதமும் ஒன்றுதான், கத்திரி வெயிலில் இருந்து தப்பிக்க அங்கே போகிறோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மச்சினர் வீடு எங்கும் போய்விடாது. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, உங்கள் இடைவெளி ஐந்து நாளாகச் சுருங்கும் ஒரு வருடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மகனுடைய பனி. மே மாத சுவிட்சர்லாந்து இரண்டு பருவங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதம். பனிச்சறுக்கு முடிந்திருக்கும், கோடை நடைப்பயணம் தொடங்கியிருக்காது. உயரமான கணவாய்ச் சாலைகள் பல ஜூன் வாக்கில்தான் திறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பல ரோப்கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள். இதைச் சொல்லாமல் "ஸ்விஸ் சம்மர் ஸ்பெஷல்" என்று மே மாதத்தை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நீங்கள் போக நினைக்கும் ஒவ்வொரு மலைக்கும் அந்த வாரம் ரோப்கார் ஓடுகிறதா என்று அந்தந்த நிறுவனத்தின் கால அட்டவணையில் பாருங்கள். ஆனால் ரயிலிலேயே ஏறிப் போகக்கூடிய பனிமலை நிலையமான யுங்ஃபிராயோக் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், 3,454 மீட்டரில் பனி எந்த மாதமும் இருக்கும். கீழே இருக்கும் இன்டர்லாக்கன் ஊர் சுமார் 570 மீட்டரில் இருக்கிறது. அங்கே 18 டிகிரி என்றால், முன்னே சொன்ன கணக்குப்படி மேலே பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். மே மாதத்தில் இன்னொரு லாபம், பனி உருகி லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்கில் அருவிகள் முழு வேகத்தில் கொட்டும். குற்றாலத்தை ஆடியில் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கும்.

யுங்ஃபிராயோக் டிக்கெட்டை மட்டும் ஊரிலிருந்தே குறிப்பிட்ட நாளுக்கு வாங்கிவிடாதீர்கள். மேலே கேமரா வைத்திருக்கிறார்கள், காலையில் அதைப் பார்த்துவிட்டு மலை தெரிந்தால் கிளம்பலாம். அதற்காக இன்டர்லாக்கன் பக்கத்தில் ஒரே இடத்தில் நான்கு இரவு தங்குங்கள். "எட்டு நாளில் ஐந்து நாடு" வகைப் பயணத்தில் இந்த வசதி கிடையாது, மேகம் மூடியிருந்தாலும் உங்களுக்கு ஒதுக்கிய நாள் அதுதான். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த வகைப் பயணத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. சுவிட்சர்லாந்துக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் முடிந்த கையோடு நேரம் வாங்கிவிடுவது நல்லது. சித்திரையில் இந்தியா முழுக்க விடுமுறை, வரிசை நீளும்.

இப்போது அம்மாவின் முக்திநாத். சீர்காழிப் பக்கத்தில் பிறந்த திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. உங்கள் வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்: மகன் போக விரும்பும் பனிமலை நிலையத்தைவிட அம்மா போக விரும்பும் கோயில் உயரத்தில் இருக்கிறது. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, மன்னார்குடியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வித்தியாசம் என்னவென்றால், யுங்ஃபிராயோக்கில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கிவிடலாம், முக்திநாத்தில் படி ஏறி, குளிர்ந்த நீரில் நனைந்து, வழிபட்டுத்தான் இறங்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை உங்கள் இடைவெளியும் முக்திநாத்தும் நன்றாகப் பொருந்துகின்றன. நேபாளத்தில் மலைப்பயணத்துக்கு மார்ச் முதல் மே வரை ஒரு பருவம், அக்டோபர், நவம்பர் இன்னொன்று. இரண்டாவது பருவத்தில்தான் வானம் துலக்கமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது உங்கள் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், கடலில் எந்தப் புயல் எப்போது திரும்பும் என்று வீட்டில் எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா வந்ததை மன்னார்குடியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நேபாளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்குகிறது. முக்திநாத் இருக்கும் முஸ்தாங் பகுதி மலைக்கு அந்தப்புறம் மழைமறைவில் இருப்பதால் அங்கே மழை குறைவுதான். ஆனால் பொக்காராவிலிருந்து பேனி வழியாகப் போகும் சாலை மழை மாதங்களில் மண்சரிவில் அடைபடும். கோயிலில் வெயில் அடிக்கும், கோயிலுக்குப் போகும் வழி மூடியிருக்கும். ஜூனில் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று புகைமூட்டம். வறண்ட காடுகளில் தீ பிடித்து, காத்மாண்டுவிலும் பொக்காராவிலும் சில வருடங்களில் மலையே தெரியாத அளவு மங்கிவிடும், விமானங்களும் தாமதமாகும். இடையில் ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிவிட்டது போல் ஆகிவிடும். அது எந்த வாரம் பெய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இன்னொன்று காற்று. பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் 20 நிமிடம்தான், ஆனால் காலையில் மட்டும்தான் பறக்கும். வெயில் ஏற ஏற வடக்கே இருக்கும் உயர்நிலம் சூடாகி, கீழேயிருந்து காற்றை காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாக உறிஞ்சி இழுக்கும். பத்து, பதினோரு மணிக்கு மேல் அந்தக் காற்றில் விமானம் இறங்க முடியாது. காலையில் மேகமாக இருந்துவிட்டால் அன்றைக்கு விமானமே இல்லை. அதனால் இந்தப் பயணத்தில் இரண்டு உபரி நாள் இல்லாமல் போகவே கூடாது. ஜோம்சோமிலிருந்து திரும்பும் அன்றே காத்மாண்டுவில் டெல்லி விமானத்தைப் பிடிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் அந்தத் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்காக இன்னும் ஒன்று. பொக்காரா சுமார் 800 மீட்டர், ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர். விமானத்தில் 20 நிமிடத்தில் அந்த உயரத்துக்குப் போய், அன்றே ஜீப்பில் முக்திநாத் ஏறுவது இளைஞர்களுக்கே தலைவலி கொடுக்கும். முதல் இரவு ஜோம்சோமிலோ பக்கத்து மார்ஃபாவிலோ தங்கி, மறுநாள் காலை மேலே போய் தரிசனம் முடித்து, இரவுக்குக் கீழே வந்துவிடுங்கள். மேலே தூங்க வேண்டிய அவசியமே இல்லை. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை நடை, படி இரண்டும் உண்டு, குதிரையும் கிடைக்கும். கோயிலில் வரிசையாகக் கொட்டும் 108 நீர்த்தாரைகளிலும் நனைய வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பார், எல்லா அம்மாக்களும் பிடிப்பார்கள். அந்தத் தண்ணீர் பனி உருகிய தண்ணீர். தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்று ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய் வாதாட முடியாது. அவருக்கு ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா எதுவாவது இருந்தால் போகலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பயண ஏற்பாட்டாளர் சொல்லக்கூடாது. உயரத்தையும் எண்ணாகச் சொல்லிக் கேளுங்கள். "நேபாளம் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் காத்மாண்டு என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்.

மற்ற ஊர்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், உங்கள் இடைவெளியிலேயே பயணம் தேடுகிற வேறு சிலருக்கும் பயன்படும். ஜப்பான்: டோக்கியோவில் செர்ரிப்பூ மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை அவர்களுக்கே தொடர் விடுமுறை, கூட்டம் தாங்காது. அது முடிந்து ஜூன் மழைக்கு முன் வரும் மே நடுப்பகுதி அருமை. பாலி: ஏப்ரலில் மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்கும், மே நல்ல மாதம். தாய்லாந்து: ஏப்ரல் கொதிக்கும், மே மாதத்தில் ஃபூக்கெட் பக்கம் மழை தொடங்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் அப்போது இலையுதிர்காலம், தெற்கில் இதமான குளிர். சிட்னிக்கு மேற்கே ரிவரினா பகுதியில் நெல் அறுவடை நடக்கிற காலமும் மார்ச் முதல் மே வரைதான், நம் ஆட்கள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. வளைகுடா நாடுகள் மே மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் நான்கு பேருக்கும் ஒரே பயணம் என்றால் என் யோசனை நேபாளம். மருத்துவர் சம்மதித்தால் ஏப்ரல் 20 வாக்கில் கிளம்பி, டெல்லி வழியாகக் காத்மாண்டு, பசுபதிநாத், பொக்காரா, ஜோம்சோம், முக்திநாத். உபரி நாட்கள் உட்பட மே முதல் வாரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம், முன்பட்ட நாற்று விடுகிறவராக இருந்தாலும் இடிக்காது. விசா கிடையாது. விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், மகனுக்கு பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள், பின்னால் சுவிட்சர்லாந்துக்கும் ஆகும். மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஜோம்சோமில் காலையில் கண் விழித்தால் 7,061 மீட்டர் நீலகிரி சிகரம் தலைக்கு மேல் நிற்கும், வானம் துலக்கமாக இருந்தால். ஆனால் ஏப்ரல் கடைசியில் முக்திநாத்தில் காலுக்குக் கீழே பனி கிடக்குமா என்பது அந்த வருடத்தைப் பொறுத்தது. கையில் அள்ளி எறிந்து விளையாட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை என்றால், அதற்கு யுங்ஃபிராயோக்தான் உறுதி. அம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, மகனுக்கு இன்னும் எத்தனையோ சித்திரை இருக்கிறது என்ற கணக்கில்தான் நான் முக்திநாத்தை முதலில் வைக்கிறேன். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மே 5 முதல் 15 வரை சுவிட்சர்லாந்து. அம்மா மலை ஏற வேண்டியதில்லை, நீங்கள் மேலே போய்வரும் வரை அவர் கீழே ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கலாம்.

துணிமணி விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. கனமான ஒரு கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல், காலைக்கும் மதியத்துக்கும் நடுவே கழற்றிப் போடலாம். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்த்தால் காயாமல் குளிரடிக்கும். வாங்குவதை மார்கழியிலேயே முடித்துவிடுங்கள், சித்திரையில் கும்பகோணத்தில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். காப்பீடு எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சுவிட்சர்லாந்துக்கு அது கட்டாயம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவு அடங்க வேண்டும், இல்லாமல் விசா கிடையாது. நேபாளத்துக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் அம்மாவுக்காக எடுங்கள். வாங்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கினால் பணம் தருவார்களா, வானிலையால் விமானம் ரத்தானால் கூடுதல் தங்கும் செலவு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேகம் மூடி மலை தெரியவில்லை என்பதற்கு எந்தக் காப்பீடும் ஒரு ரூபாய் தராது. அதற்குத்தான் அந்த இரண்டு உபரி நாள்.